எப்போது வேண்டுமானாலும்

சோஹார். ஜூலை. கல்லூரியின் இரண்டாம் மாடியில்
ஸ்வெட்டர் போடவைக்கும் அறை.
ஒன்பது நாற்காலி, எட்டுப் பேர்.
என் விண்ணப்பம் நான்காவது.
முந்தையது பேரீச்சம்பழமும் சர்க்கரையும் பற்றியது,
ஐந்து நிமிடத்தில் தாண்டிப்போனது.

நான் இங்கே சம்பளமில்லாத ஆசிரியை.
பகலெல்லாம் அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ்,
திங்கள் மாலை மட்டும் வகுப்பு.
கழுத்தில் தொங்கும் அட்டையில்
பெயருக்குக் கீழே 'தன்னார்வலர்' என்று அரபியில் இருக்கிறது.
அதை வாசித்துவிட்டுத்தான் காவலாளி
நிழலில் வண்டி நிறுத்த விடுவதில்லை.

ஆய்வு எளிது.
துறைமுகத்துக்குப் பின்னாலுள்ள கேம்ப்,
வெயிலில் கம்பி கட்டும் நூற்றிருபது பேர்.
ஷிஃப்டுக்கு முன் ஐந்து மில்லி ரத்தம்,
பின் ஐந்து மில்லி.
ஒரு சிறுநீரகம் எத்தனை கோடை தாங்கும்?
பாதிப் பதில் எனக்குத் தெரியும்:
என் வார்டில் ஊசி குத்தக் கை நீட்டிக்கொண்டு
முப்பத்தோரு வயதில் படுத்திருக்கிறது.

தலைவர் டாக்டர் பத்ரிய்யா
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"தமிழ்ப் படிவம் யார் எழுதியது?"
நான்தான்.
"அவர்களில் யாரிடமாவது காட்டினீர்களா?"
காட்டினேன், ஒருவரிடம்.

பூவலிங்கம், சாயல்குடிப் பக்கம்.
மேல்கட்டிலில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு
பேப்பர் வாசிப்பதுபோல் சத்தமாக வாசித்தார்.
மூன்றாம் பத்தி வந்தது:
'நீங்கள் எப்போது வேண்டுமானாலும்
காரணம் எதுவும் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம்.
அதனால் உங்களுக்கு எந்தப் பாதிப்பும் வராது.'
சிரித்தார்.
கீழ்க்கட்டில்காரரை எழுப்பி
அவருக்கும் வாசித்துக் காட்டினார்.
"டாக்டரம்மா, இப்படி ஒரு வரி
கம்பெனி காகிதத்துல இருந்தா
எம்புட்டு நல்லாருக்கும்!"
பிறகு பேனா கேட்டார்.
யோசிச்சுப் போடுங்க என்றேன்.
"இதுல யோசிக்க என்ன இருக்கு?
எல்லாரும் குடுக்கணும்னு ஃபோர்மேன் சொல்லிட்டாரே."

இதை அறையில் அப்படியே சொன்னேன்.
சொல்லாமலும் இருந்திருக்கலாம்.
யாரோ தண்ணீர் பாட்டிலைத் திறந்து
குடிக்காமலே மூடினார்கள்.

சமூகப் பிரதிநிதி முராத் பலூஷி,
மீன் ஏலத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர்,
கூட்டங்களில் கையெழுத்து மட்டும் போடுபவர்,
அன்றைக்குக் கேட்டார்:
"கணக்கு ஏறியிருந்தால் அவனிடம் சொல்வீர்களா?"
சொல்வேன்.
"கம்பெனியிடம்?"
மாட்டேன்.
"அப்புறம் எதைச் சொல்லி அவன் லீவு கேட்பான்?"

விண்ணப்பத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
'ஆய்வாளருக்குத் தனிப்பட்ட ஆதாயம் உண்டா' என்பதற்கு உண்டு.
'இல்லை' என்று டிக் அடித்திருந்தேன்.
கட்டுரை வெளிவந்தால் என் அட்டையில்
அந்த அரபிச் சொல் மாறும்.
அதை யாரும் கேட்கவில்லை.
படிவத்தில் பூவலிங்கத்துக்கும்
அதே சொல்லைத்தான் போட்டிருந்தேன், தன்னார்வம்.
எனக்குத் தொளதொளவென்றும்
அவருக்கு மூச்சு முட்டவும்.

திருத்தி மீண்டும் அனுப்புக.
ஃபோர்மேன் கண்ணில் படாத இடம்.
கேம்புக்கு வெளியே, விடுமுறை நாளில்.
அடுத்த கூட்டம் செப்டம்பர் கடைசி.
சரியான தீர்ப்பு. நானே அந்த நாற்காலியில் இருந்தாலும்
அதைத்தான் எழுதியிருப்பேன்.
செப்டம்பர் கடைசியில் வெயில் தணிந்திருக்கும்.
ஆய்வு அடுத்த ஜூனுக்கு.
அதுவரை கம்பி கட்டுவதற்கு
யாருடைய ஒப்புதலும் தேவையில்லை.

இரவு போன் செய்தேன்.
இப்போதைக்கு ரத்தம் எடுக்கவில்லை என்றேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"நாங்க விலகலாம்னுதானே போட்டிருந்துச்சு,
நீங்களே விலகிட்டீங்களா?"

ஒன்றுக்கு என்ன நிறத்தில் போகிறது என்று கேட்டேன்.
எந்தப் படிவத்திலும் இல்லாத கேள்வி.
"மத்தியானத்துக்கு மேல கட்டன்சாயா மாதிரி.
எல்லாருக்கும் அப்படித்தானே?"

வெள்ளிக்கிழமை காலை, ரவுண்டானா பக்கம்,
டாக்ஸிகள் நிற்கிற இடத்துக்கு
வரமுடியுமா என்று கேட்டேன்.
வரணுமா என்றார்.
வந்தா நல்லது, வராட்டியும்
என்று தொடங்கி
அந்த வரியை முடிக்கத் தெரியாமல்
வெள்ளை வண்டி, எட்டு மணி என்றேன்.